நெறியாளரின் கட்டுரை

கல்லூரி நூலகத்தின் கணினி அறையில் வெயில் திரையில் விழுந்து கண் கூசுகிறது. நூலகர் இந்திராணி ஜன்னலைச் சாத்தியதும், நதியாவின் ஆய்வேட்டில் பக்கம் பக்கமாகச் சிவப்பு வரிகள் தெளிகின்றன. அத்தனையும் போன மாதம் ஓர் இணைய ஆய்விதழில் வந்த கட்டுரையிலிருந்து திருடியவை என்கிறது எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள். அந்தக் கட்டுரையில் இருப்பது அவளுடைய நெறியாளர் ஆனந்தகுமாரின் பெயர் மட்டும். தென்னேரியில் நாற்று நடும் பெண்களிடம் அவள் கேட்டுப் பதிந்த பேச்சு, வரி மாறாமல் அதில் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆனந்தகுமார் கொட்டாவி விடுகிறார். “வார்த்தைய மாத்தி எழுதிடுமா. அடுத்த பேப்பர்ல உன் பேரையும் போட்டுடலாம்.”

“இது எங்கம்மா பேசினது சார். இத எப்படி மாத்துறது?”

“உன் டிகிரி என் கையெழுத்துல இருக்குது.”

இந்திராணி பிரிண்டரைத் திறந்து, அதில் சிக்கவே சிக்காத தாளைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறார். நதியா ஆய்விதழ் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுகிறாள். அம்மாவின் குரல்பதிவை அதனோடு இணைக்கிறாள். ஆனந்தகுமார் எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

“என்ன பண்ணிக்கினு இருக்க? அனுப்பினா உன் பிஎச்.டி. போச்சு.”

“தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு, நதியா அனுப்புகிறாள்.