மீந்த திராட்சரசம்

ஈஸ்டர் ஆராதனையில் அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதித்துவிட்டு, அந்தச் சபையின் முதல் பெண் குருவான எமீமா, "வாருங்கள்" என்றாள். யாரும் எழவில்லை. அவளையே அனுப்பும்படி பேராயருக்கு மனு கொடுத்த பெண்கள் சங்கத்தாரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே ஊற்றக்கூடாது, நாளைக்கு வைக்கவும் கூடாது. மீந்ததை ஆசீர்வதித்தவரே குடித்துத் தீர்க்க வேண்டும். சபைச் செயலர் ஞானாபரணத்துக்கு அது நன்றாகவே தெரியும். பண்டிகைக் கூட்டம் வருமென்று சொல்லி, தன் வீட்டில் நாள்பட ஊறிப் போதையேறிய ரசத்தைப் பெரிய கூஜா நிறையக் கொண்டுவந்து பீடத்தில் வைத்தவர் அவர்தான்.

எமீமா குடிக்கத் தொடங்கினாள். கூஜா பாதியானபோது வெள்ளை அங்கியில் சிவப்பு வழிந்தது.

"போதும்னு சொல்லுங்களேன் அண்ணாச்சி," என்றாள் ஒருத்தி.

"முறைன்னா முறைதாம்மா. குருவா இருக்கணும்னு கேட்டது அவுகதான," என்றார் ஞானாபரணம்.

கூஜா காலியானது. அவர் செல்போனை எடுத்துப் பீடத்துக்கு நேராகப் பிடித்தார். "ஆசீர்வாதம் சொல்லுங்கம்மா, சபை காத்திருக்கு," என்றார் மிகுந்த மரியாதையோடு. அதுவரை அசையாத சபை மொத்தமும் எழுந்து நின்று தலைகுனிந்தது.

ஆசீர்வாதம் கூற இரண்டு கைகளையும் உயர்த்த வேண்டும். பீடத்தின் விளிம்பை இறுகப் பற்றியிருந்த தன் கைகளை எமீமா பார்த்தாள்.