இரண்டாவது மணை

அவளை இழுத்து மணையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

நாத்தனார் வினோதாவுக்கு வளைகாப்பு. கை நிறைய வளையல் ஏற்றியாயிற்று. கன்னத்துச் சந்தனம் காய்ந்துவிட்டது. இனி, பிள்ளை இல்லாதவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, மிச்ச வளையலைப் போட்டு, பிள்ளைத்தாய்ச்சியின் தட்டிலிருந்தே ஊட்ட வேண்டும். அப்போதுதான் அவளுக்கும் உண்டாகுமாம்.

அவள் நிலைகொள்ளாமல் நெளிந்தாள்.

வளையல் பரவாயில்லை. போட்டுக்கொண்டு போகலாம்.

சோறுதான் பயம்.

தட்டு வந்தது. சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு. நெய் வாசனை வேறு. பாழும் வயிற்றைக் கிள்ளியது.

தைராய்டு. சினைப்பையில் நீர்க்கட்டி. தலை வாரி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட வேண்டியிருந்த அலுப்பு. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கம்பங்கூழ் என்றார்கள், குடித்தாள். பேலியோ என்று கணவன் வெண்ணெயாக வாங்கி அடுக்கினான், அதையும் தின்றாள். வெந்தயம், எள், ஆளிவிதை, யார் எதைச் சொன்னாலும் முழுங்கினாள். ஆடுகூட இப்படி மேயாது.

கடைசியில் டயட்டீஷியன் முன்னால் உட்கார்ந்து, அவளே கேட்டுத் தேர்ந்தெடுத்தது இது. மாத்திரையை விடவில்லை. சோறு கிடையாது, சர்க்கரை கிடையாது. முட்டை, மீன், பயறு, தட்டு நிறையக் காய்.

பங்குனியில் ஆரம்பித்தாள். வைகாசியில் ஒருநாள் மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறிவிட்டாள். ஏறி முடித்த பிறகுதான் கவனித்தாள். இந்த மாதம் விலக்கும் தானாக வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சந்தோஷம்தான், வேறென்ன.

அத்தைக்கு, வினோதாவின் அம்மாவுக்கு, அந்தக் காய்த் தட்டைக் கண்டாலே ஆகாது.

"சோத்த ஒதுக்குறவ வயித்துல புள்ள எப்படிடி தங்கும்?"

தினமும் இதே பாட்டு. கணவன் போனுக்குள் தலையை நுழைத்துக்கொள்வான். இன்று இத்தனை பேர் முன்னால் ஒரு வாய் வாங்கினால் போச்சு. நாளைக் காலையில் தட்டில் சோறு வந்து விழும். நேத்து தின்னேல்ல, இன்னைக்கு என்ன கேடு என்பாள் அத்தை. தினம் தினம் மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பு இல்லை. இப்போதுதான் கொஞ்சம் ஊறியிருக்கிறது.

எழுந்து ஓடிவிடலாமா. பட்டுப்புடவை காலைத் தடுக்கும். மணையின் விளிம்பைச் சுரண்டினாள்.

வினோதா அவள் பக்கம் சாய்ந்தாள்.

"மதினி, எனக்குச் சுகர் வந்திருக்கு. சோறு, இனிப்பு எதையும் தொடக்கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிச்சுட்டாங்க. அம்மாட்டகூடச் சொல்லல."

உதடு அசையாமல் சொன்னாள். எதிரே வினோதாவின் மாமியார் வீட்டுச் சனம். சீக்காளிப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொல்லக் கூசாத சனம்.

அடி கிறுக்கி, இதைப் போய் மறைப்பாயா? அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அத்தை சர்க்கரைப் பொங்கலை உருட்டி எடுத்தாள்.

"வேண்டாம் அத்தை."

கூடம் திரும்பிப் பார்த்தது.

"ரெண்டு பேருக்குமே வேண்டாம். வினோதாவுக்கு இது ஆகாது. அவ உடம்புக்கு..."

வினோதா தன் மாமியாரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கென்ன? நல்லாத்தான இருக்கேன். மதினிதான் பத்தியம்."

வாயைத் திறந்தாள். உருண்டை உள்ளே போனது.

யாரோ சிரித்தார்கள். வயித்தெரிச்சல் என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது.

காது சுட்டது. எக்கேடும் கெட்டுப் போ என்று நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள்.

வினோதா பொங்கலை விழுங்காமல் ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு முழித்தாள். கண் ததும்பியிருந்தது. ஒரு கை வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தது.

அத்தை அடுத்ததை உருட்டினாள். பெரிசாக. பிறகு சம்பந்தியம்மா ஊட்டுவாள், பெரியம்மா ஊட்டுவாள், சித்திமார் ஊட்டுவார்கள். வரிசை வாசல்வரை நின்றது.

இதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. பக்கத்து மணையில் இருப்பவள் வாய்விட்டுக் கேட்டால், தட்டு அவளுக்கு என்பது வழக்கம். அப்புறம் பிள்ளைத்தாய்ச்சி அதில் கை வைக்கக்கூடாது. ஆனால் எந்த மானமுள்ளவளும் கேட்பதில்லை. ஊட்டினால் வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான்.

அவள் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் குடுங்க அத்தை. எனக்குப் புள்ள வேணும்."

குலவை வீட்டை நிறைத்தது.

அத்தை அழுதேவிட்டாள். அழுதுகொண்டே ஊட்டினாள்.

ருசியாக இருந்தது. அதுதான் கொடுமை.

பக்கத்தில் வினோதா முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் பொங்கலைத் துப்பிக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்பத்தான் என் ராசாத்திக்குப் புத்தி வந்திருக்கு" என்றாள் அத்தை, எல்லோருக்கும் கேட்க. "நாளையிலேர்ந்து நானே பிசைஞ்சு ஊட்டிவிடுதேன் பாரு."

வாய் நிறையச் சோறு.

சம்பந்தியம்மா அடுத்த உருண்டையோடு குனிந்தாள்.

அவள் வாயைத் திறந்தாள்.