ஒரு படி கீழே

சி-யை அழுத்தினேன். வந்தது சி இல்லை.

ஓகனின் அதே கட்டையை மறுபடியும் அழுத்தினேன். எனக்குத் தெரிந்த சி-யை விட ஒரு படி மேலே நின்றது. நேற்று வவுனியாவில், அந்தப் பாடசாலைப் பியானோவிலும் இப்படித்தான் இருந்தது.

மாதா கோயிலுக்குள் யாரும் இல்லை. பாட்டுக் குழு வர நேரம் இருந்தது. கடற்காற்றில் பீடத்துத் துணி மெல்ல எழுவதும் படிவதுமாக இருந்தது.

கோயிலின் இந்த மின்சார ஓகனை றொமேஸ் அண்ணைதான் போட வேண்டும். பாட்டுக் குழுவை நடத்துகிறவர் அவர். வேறு யாரும் சுவிச்சைத் தொடக்கூடாது. அவர் வந்து போட்டுவிட்டு விலகிய பிறகுதான் நான் கதிரையில் இருக்கலாம். பெரிய ஆள் என்ற நினைப்பு என்று இவ்வளவு காலமும் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

இன்று கோபத்தில் நானே போட்டேன்.

நேற்று நேர்முகத் தேர்வு. இசை ஆசிரியர் வேலை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் அலுமாரிக்குள் சும்மா கிடக்கிறது. தேர்வு நடத்திய அம்மையார் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பியானோவில் ஒவ்வொரு கட்டையாக அடித்தார். அவர் சி அடித்தார், நான் டி என்றேன். எஃப் அடித்தார், ஜி என்றேன். ஏ அடித்தார், பி என்றேன். காதும் கேட்காதா என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குக் காதே இல்லை என்று நம்பிக்கொண்டு வந்தேன்.

இப்போது வட்டத்தைத் தொடங்கினேன். தினமும் விரல் பழக வாசிப்பது. சி, எஃப், பி, ஈ, ஏ, டி, ஜி, திரும்பவும் சி. வெள்ளைக் கட்டைகள் மட்டும். நின்ற கட்டையோடு எண்ணினால், இடது கை ஐந்தாவது கட்டைக்கு இறங்கும், நாலாவது கட்டைக்கு ஏறும், மறுபடி இறங்கும். வலது கை அதிகம் அலையாது. ஓரிரு விரல் மட்டும் பக்கத்துக் கட்டைக்கு நகரும். போனில் பார்த்துப் படித்தது. கோயிலுக்குள் போன் சத்தம் கூடாது என்று சத்தத்தை அடைத்துவிட்டு, விரல்களை மட்டும் பார்த்துப் படித்தது.

வாசிக்க, களப்புத் தண்ணீருக்குள் இறங்கி நடப்பது போல இருக்கும். ஒவ்வொரு அடியும் ஆழத்துக்குத்தான் போகிறது. பி-யில் கால் ஒரு கணம் தரையைத் தேடும். பிறகு மணல் தட்டும். இறங்கிய கரையிலேயே ஏறியிருப்போம்.

இன்றும் ஏறினேன். ஆனால் கனவில் எங்கள் வீட்டைக் கண்டது போல. கதவுகள் எல்லாம் அந்தந்த இடத்தில். வீடு மட்டும் ஒரு படி உயரத்தில்.

எல்லாமே ஒரு படி.

நேற்று நான் சொன்ன விடைகளும் அப்படித்தான். ஒன்றுகூட அதற்கு மேலே போகவில்லை, கீழே போகவில்லை. எனக்குக் காது இருக்கிறது. நல்ல காது. இந்த ஓகனைத்தான் யாரோ எந்நாளும் இறக்கி வைத்திருக்கிறார்கள். சுருதியை இறக்க இதில் ஒரு பொத்தான் உண்டு, ஒரு அழுத்துக்கு அரைப் படி. ஓகனை நிறுத்தினால் அது தானாகச் சரியான இடத்துக்குப் போய்விடும்.

போடுகிற ஆள் ஒரேயொருவர்.

அம்மா உள்ளே வந்தார். வலையில் மீன் கழற்றிய ஈரம் சட்டைக் கையில் இன்னும் காயவில்லை. வரும்போதே திருநாள் பாட்டை முணுமுணுத்தார். நானும் அதற்கே கையை மாற்றினேன். திருநாளில் அதைத் தனியாகப் பாடுவது அம்மாதான். ஊர் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பது அந்த ஒரு பாட்டுக்கு.

மேலே போகும் இடத்தில் குரல் பிளந்தது.

அம்மா நின்றுவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. மாதாவின் சுரூபத்தைப் பார்த்தார், தன்னைக் கைவிட்ட ஆளைப் பார்ப்பது போல. பிறகு, இந்த முறை வேறு யாரையும் பாடச் சொல்லலாம் என்று நிலத்துக்குச் சொன்னார்.

வாசலில் சைக்கிள் விழுந்த சத்தம். றொமேஸ் அண்ணை ஓடி வந்தார்.

"சுவிச்சில கை வைக்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? இப்ப வாசி."

வயரைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்தார். விரல் அந்தப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தியது.

இந்த விரல்தான் என் வேலையைத் தின்றது. குழுப் பெண்களும் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

நான் சி-யை அழுத்தினேன். அது சி-யாக இருந்தது.

அம்மா அரைமனதோடு தொடங்கினார். அதே இடம் வந்தது. குரல் ஏறியது, பிளக்காமல், நிறைந்து, தகரக் கூரைவரை.

பாட்டு முடிய அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்:

"வீட்டில போனோட சேந்து பாடினா ஒருநாளும் எட்டாது. இஞ்ச வந்தா மாதா தூக்கி விடுறா."

றொமேஸ் அண்ணை குனிந்து வயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு வவுனியாவுக்குப் போன் எடுத்து, எல்லா விடையும் ஒரே ஒரு படி தள்ளியிருந்தது காதில் விழாதது யாருக்கு என்று நான் கேட்பேன். அது என் சண்டை.

அடுத்த பாட்டு இதைவிட மேலே போவது. அம்மா மூச்சை இழுத்தார்.

யாரும் பார்க்கவில்லை. அந்தப் பொத்தானை நான் இன்னும் ஒரு தடவை அழுத்தினேன்.