திரும்பும்போது நாயும் வரும்

“திரும்பும்போது நாயும் வரும்” என்று கோதண்டம் ஆட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

“கடிக்குமாண்ணே?”

“நான் வளத்த பிள்ளைப்பா. என்னையப் பாத்தா வாலாட்டத்தான் தெரியும்.”

ஆட்டோ வெளியே நின்றது. அவர் அழைப்பு மணியை அழுத்தினார்.

தோள்பையில் இரண்டு பொருள்கள். ஒன்று, அந்த நாய் அசல் இனம் என்பதற்கான பதிவுச் சான்றிதழ். இன்னொன்று, புதுச் சங்கிலி.

ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னாரே தவிர, எதற்கு வேலை வரும் என்று அவருக்கே தெரியாது.

ராஜபாளையம் நாய் வளர்க்கும் கோதண்டத்திடம் குட்டி வாங்கினால் பேப்பர் கையோடு வராது. முன்பெல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். வாங்கிப்போன ஒருவன் அந்தப் பேப்பரைக் காட்டிக் காட்டியே, ஓய்வில்லாமல் குட்டி போடவைத்து விற்றான். தாய் நாய் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது. அன்றோடு சரி.

இப்போது ஓராண்டு கழித்து அவரே வீட்டுக்கு வந்து பார்ப்பார். மனசுக்குத் திருப்தியானால் பேப்பர். இல்லாவிட்டால் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். குட்டி வாங்கும்போதே இதற்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

எதைப் பார்க்க வருகிறார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

கதவைத் திறந்தவள் தமயந்தி. குட்டியை வாங்கிப்போனவள். தோளில் துண்டு. பரீட்சை எழுத வந்தவள்போல முகம்.

“வாங்க சார். பூரி, சாருக்கு வணக்கம் சொல்லு.”

பூரியா!

வேட்டைக்குப் பேர்போன வம்சம். அவர் வைத்த பெயர் வெள்ளையம்மா. அதைக் காலைப் பலகாரமாக்கி வைத்திருக்கிறாள் இந்தப் பெண். சின்னதில் பால் குடித்ததும் வயிறு அப்படி உப்புமாம்.

நாய் வந்தது. மேனி பளபளவென்று இருந்தது. குரைக்கவில்லை. சமர்த்தாக உட்கார்ந்து முன்காலை நீட்டியது.

அவர் கையை மோந்து பார்த்தது. வால் மெல்ல ஆடியது.

அவருக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. மறக்கவில்லை. ஒரு வருஷமாகியும் மறக்கவில்லை.

மறு நொடியே சுருக்கென்றது. பழையவனைக் கண்டு வாலாட்டினால், புது வீடு அதற்கு இன்னும் வீடாகவில்லை என்று அர்த்தம். அவர் பார்க்க வந்தது அதைத்தான்.

சங்கிலியை எடுத்து மாட்டினார்.

“போலாமா, வெள்ளையம்மா?”

அது எழுந்து அவரோடு இரண்டடி வைத்தது.

தமயந்தி ஏன் என்று கேட்கவில்லை. ஒப்புக்கொண்ட பேச்சாயிற்றே. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“போய்ட்டு வா, பூரி.”

குரல் பாதியில் உடைந்தது.

நாய் நின்றது. அவளைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு வீடே அதிரும்படி குரைத்தது. பாய்ந்து அவர் வேட்டியைக் கவ்வியது. அவர் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, வேட்டி டர்ரென்று கிழிந்தது. அப்புறம் போய் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

“ஐயோ பூரி, சும்மா இரு! மன்னிச்சிருங்க சார். நீங்க வர்றீங்கன்னு ஒரு வாரமா குரைக்கக் கூடாதுன்னு பழக்கி வச்சிருந்தேன்...”

“கெடுத்தீங்களேம்மா காரியத்த! இது என்னையப் பாத்துக் குரைக்குதான்னு பாக்கத்தானே நான் வந்ததே.”

கிழிந்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சான்றிதழை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தாள்.

பேப்பரை நாற்காலிமேல் வைத்தார். சங்கிலியைக் கழற்றக் குனிந்தார். நாய் உறுமியது.

“சரி தாயி. அதையும் நீயே வச்சுக்க.”

தெருவுக்கு வந்தபிறகும் குரைப்பு நிற்கவில்லை.

ஆட்டோக்காரர் பின்சீட்டில் பாதிக்குச் சாக்கு விரித்து வைத்திருந்தார்.

“நாய் எங்கண்ணே?”

“என்னையே கடிக்க வருதுப்பா!”

மகளுக்கு வேலை கிடைத்த சேதியைச் சொல்பவர்போலச் சொன்னார்.

ஆட்டோக்காரர் சாக்கை மடிக்கக் கை நீட்டினார்.

“இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கோதண்டம் சாக்கை ஒட்டி ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.