முதல் கருத்து

"எல்லாம் சரிம்மா. ஆனா இதைப் பார்த்தா அவர் என்ன சொல்வாரு?" என்றார் டைரக்டர்.

வெப்சைட் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெரிய ஆராய்ச்சி நிலையத்தின் இணையதளத்தைப் புதிதாக மாற்றியமைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்ததிலிருந்து, அங்கே எல்லோருக்கும் அவள் வெப்சைட் அம்மாதான். டைரக்டர் சொல்லும் 'அவர்' யாரென்று அவளுக்கும் தெரியாது, டைரக்டருக்கும் தெரியாது. அவரைப் பெற்றவர்களுக்குத்தான் வெளிச்சம்.

மக்களைக் கேட்டுத்தான் தளத்தை மாற்ற வேண்டும் என்பது டைரக்டரின் பிடிவாதம். அதற்காகப் பழைய தளத்திலேயே அவசர அவசரமாக ஒரு கருத்துப் பெட்டி வைக்கச் சொன்னார், அவளும் வைத்தாள். கருத்துகள் வந்து கொட்டின. கடல் ஆராய்ச்சிக்காரர்கள் முகப்பில் கடல்தான் வேண்டும் என்றார்கள், பாறை ஆராய்ச்சிக்காரர்கள் பாறைதான் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பள்ளி ஆசிரியர்களோ, எதைப் போட்டாலும் எழுத்தைப் பெரிதாகப் போட்டுத் தொலையுங்கள் என்றார்கள்.

இத்தனைக்கும் முதலாவதாக, பெயர் போடாத கருத்து ஒன்று உட்கார்ந்திருந்தது. 'கண்றாவி. தேடுவது எதுவும் கிடைப்பதில்லை. இதைச் செய்தவர் ஒரு தடவையாவது பயன்படுத்திப் பார்த்தாரா?' பெட்டி வைத்திருக்கிறோம் என்ற அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே வந்து விழுந்த கருத்து அது.

அதில்தான் டைரக்டர் சொக்கிப்போனார். "நாம சொல்லாமலே கண்டுபிடிச்சு முதல் ஆளா எழுதியிருக்காரு. நம்ம மேல எவ்வளவு அக்கறை பாருங்க" என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தார். அவருக்காகவே முகப்பில் தேடல் கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லிச் சொல்லி, இப்போது அது கதவளவுக்கு வந்து நிற்கிறது.

"சார், அவர் திட்டினது பழைய சைட்டை. இதை எத்தனையோ பேர் பார்த்துட்டு நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றாள் வெப்சைட் அம்மா, வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு.

"நல்லாயிருக்குன்னு யார் வேணா சொல்லிட்டுப் போவாங்க. உள்ளதைச் சொல்றவர் அவர் ஒருத்தர்தான். அவர் சரின்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷமே தளத்தைத் திறந்துடலாம்."

"என் பொண்ணுக்கு இந்த வாரம் பிரசவம் சார். லீவு…"

"தாராளமா போங்க. தளம் வெளியானதும் கிளம்புங்க, நான் ஏன் தடுக்கப் போறேன்?"

வெளியே வந்ததும் போன் அடித்தது. மகள்தான். "அம்மா, பையெல்லாம் கட்டி வாசல்ல வெச்சாச்சு. எப்ப வேணா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். நீ வர்றியா இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு, நான் எதிர்பார்க்காம இருக்கேன்."

"வர்றேன்டா கண்ணு."

"போன வாரமும் இதையேதான் சொன்னே" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

வெப்சைட் அம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வேலைவெட்டி இல்லாத எவனோ ஒருத்தன் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டான், பெற்ற பெண்ணின் பக்கத்தில்கூட இருக்க முடியாமல் அவள் இங்கே கிடந்து அல்லாடுகிறாள். விறுவிறுவென்று சர்வர் அறைக்கு நடந்தாள்.

ஜன்னலே இல்லாமல் எந்நேரமும் குளிர்ந்துகிடக்கும் அந்த அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு 'குகை' என்று பட்டப்பெயர். ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தார்.

"அந்த முதல் கருத்து எந்த கம்ப்யூட்டர்லேர்ந்து வந்ததுன்னு பாருங்க."

"பேர் போடாதவங்களைத் தேடக்கூடாது மேடம். முறையில்ல."

"முறையாவது மண்ணாங்கட்டியாவது. எனக்கு அந்த ஆள் வேணும். கால்ல விழுந்தாவது சரின்னு சொல்ல வெச்சுடறேன். அப்புறம் இருக்கு அவனுக்கு."

குகை பெருமூச்சு விட்டபடி தட்ட ஆரம்பித்தார். சட்டென்று கை நின்றது. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"என்ன, கிடைச்சானா?"

"கிடைச்சாச்சு. நம்ம கட்டடம்தான்."

"அந்தப் பாறைக்காரர்தானே? எனக்கு அப்பவே சந்தேகம். எங்க இருக்கார் இப்ப?"

"அவர் இல்ல மேடம்." குகை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பெட்டியை வெச்ச அன்னைக்கு, வேலை செய்யுதான்னு பார்க்கணும், ஏதாவது எழுதி அனுப்புங்கன்னு உங்ககிட்ட சொன்னேனே. பழைய சைட் மேல நீங்க அப்ப செம கடுப்புல இருந்தீங்க, எதையோ தட்டி அனுப்பிட்டு மறந்துட்டீங்க போல. இது உங்க கம்ப்யூட்டர்."

வெப்சைட் அம்மா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக அந்த ஆளைத் திட்டிய திட்டெல்லாம் ஒன்று விடாமல் நினைவுக்கு வந்து, வெட்கம் பிடுங்கித் தின்றது. இதை டைரக்டரிடம் சொன்னால் விசாரணை, விளக்கம் என்று இன்னும் ஒரு மாதம் ஓடிவிடும்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "புது சைட் ரொம்ப நல்லாயிருக்கு" என்று உரக்கச் சொன்னாள். குகை திருதிருவென்று விழித்தார்.

அவர் மேசையிலிருந்த போனை எடுத்து டைரக்டருக்கு அடித்தாள்.

"சார், அவர் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டார், என் காதால கேட்டேன்."