கம்யூனிட்டி என்ன?

“ட்ராப் வெச்சாச்சுங்க சார். ஆனா விழ மாட்டேங்குது.”

மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காதில் செருகியிருந்த ஃபோன் பொத்தானிடம் அவன் இப்படிச் சொன்னபோதுதான் யாருக்கு வைத்த பொறி என்று எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

பெயர் குகன் என்றான். கோயம்புத்தூர் கம்பெனி அனுப்பிய ஆளாம். எங்கள் பனியன் கம்பெனியில் நிட்டிங் பக்கமோ பேக்கிங் பக்கமோ நெட்வொர்க் படுத்துக்கொண்டால், ஆபீசுக்குத் தானாகவே தகவல் வருகிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் போட வந்திருக்கிறானாம்.

சொல்வதற்கு என்ன? உள்ளே வருகிறவன் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டுதானே வருவான்.

நெட்வொர்க் ஒயர்ப் பெட்டி என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. அதனால் அவன் நிமிரும்போதெல்லாம் என் பக்கமே பார்த்தான். பெட்டியைப் பார்க்கிறானா, என்னைப் பார்க்கிறானா என்று புரியவில்லை.

“சோர்ஸ் இந்த ரூம்தானுங்க சார். பேரு மட்டும் மாத்தி வெச்சிருக்காங்க.”

கையிலிருந்த ரெஜிஸ்டரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன்.

இந்த ரூமில் பெயரை மாற்றி வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். ஆஷா என்பது அந்தோணிராஜைக் கட்டிக்கொண்ட பிறகு நானே வைத்துக்கொண்ட பெயர். அவர் கீழே காலர் மெஷினில் நிற்கிறார். அவர் ஜாதியை எங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது நாசூக்காகச் சொல்வது. கையில் கிடைத்தால் அவனை வெட்டிப் போடுவேன் என்று என் அண்ணன் கத்தியதை இந்தக் காதால் கேட்டவள் நான். எங்களைச் சென்னையில் தேடுகிறான் என்று கேள்வி. இங்கே எல்லோரிடமும் நானும் அவரைப் போலச் சாத்தூர்தான், அவர் ஜாதிதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இவன் அண்ணன் அனுப்பிய ஆளாக இருந்தால்?

எதிர் மேஜையில் சித்ராதேவியக்கா தலை நிமிராமல் பில் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் என்னிடம் ஒட்ட மாட்டார். என் டிபன் பாக்ஸை நீட்டினால் ‘வயிறு சரியில்லீங்க’ என்பார். தினமும் சரியில்லாத வயிறு எந்த வயிறு என்று எனக்குத் தெரியும்.

“கம்யூனிட்டிதானுங்க சார் பிரச்சினை. இங்க ஒண்ணு சொல்லியிருக்காங்க, உள்ள வேற என்னமோ இருக்குது.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? கீழே ஓடி அவரை இழுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய் எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறிவிடலாம் என்று நினைத்தேன்.

அவன் இப்போது நேராக என்னைப் பார்த்தான்.

“மேடம், கம்யூனிட்டி என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

எனக்குப் பயமெல்லாம் ஓர் எல்லை வரைக்கும்தான். அதைத் தாண்டினால் கோபம் வந்துவிடும். பிறவிக் குணம்.

“ஏனுங்க, எங்கூட்டுச் சங்கதி உங்களுக்கு எதுக்குங்க? எங்கண்ணன் அனுப்பிச்சுட்டானுங்களா? போயிச் சொல்லுங்க, செத்தாலும் நான் அந்தூட்டுக்கு வர மாட்டேனுங்க!”

ஆபீசே திரும்பிப் பார்த்தது.

குகனுக்கு வேர்த்துவிட்டது. அவசரமாக லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். திரையில் ஒரு கட்டம், அதன் மேல் கம்யூனிட்டி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

“ஐயோ மேடம், இது மனுசங்களுக்கு இல்லீங்க, மிஷினுக்குங்க!”

பாஸ்வேர்டு மாதிரியாம். பெட்டியும் சாஃப்ட்வேரும் ஒரே வார்த்தையைச் சொன்னால்தான் தகவல் வந்து சேருமாம். அந்தத் தகவலுக்குத்தான் ட்ராப் என்று பெயராம். பழைய ஆள் என்ன வார்த்தை போட்டுவிட்டுப் போனான் என்று எனக்குத் தெரியுமா என்றுதான் கேட்டிருக்கிறான், பாவம்.

போன உயிர் திரும்பி வந்தது. அசடு வழியச் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. இந்த ஊரில் ஒருவன் கம்யூனிட்டி என்னவென்று கேட்டால் வேறு எதை நினைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

குகன் விட்டால் போதும் என்று வேலைக்குத் திரும்பிவிட்டான். சித்ராதேவியக்காதான் எழுந்து என்னிடம் வந்தார். முதல்முறையாக என் தோளில் கை போட்டார்.

“அட கண்ணு! நம்ம பக்கத்துப் புள்ளையா நீயி? இத்தன நாளாத் தெக்கத்திப் பேச்சுப் பேசி ஏமாத்திப்போட்டயே!”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தோணிராஜ் சொல்லிக்கொடுத்த சாத்தூர்ப் பேச்சில்தான் இத்தனை மாதத்தையும் ஓட்டியிருந்தேன். எங்கள் ஊர்ப் பேச்சின் ஒரு ‘ங்க’ கூட வாய் தவறி வந்ததில்லை. பாழாய்ப்போன கோபத்தில் அத்தனை ‘ங்க’வும் கொட்டிவிட்டது.

அக்கா தன் டிபன் பாக்ஸைத் திறந்து ஓர் ஒப்புட்டை, எங்கள் ஊர்ப் போளியை, எடுத்து தன் கையாலேயே எனக்கு ஊட்டிவிட்டார்.

“பெத்தவங்க கோவம் எத்தன நாளைக்குக் கண்ணு? நான் பேசிச் சேத்து வெக்கறேன். எங்க பெரியம்மா வெள்ளகோயில்லதான் இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாத ஊடே இல்ல.”

வெள்ளகோவிலில்தான் எங்கள் வீடு. வாயிலிருந்த ஒப்புட்டை விழுங்கி வேண்டாம் என்று சொல்வதற்குள் அக்கா ஃபோனைத் தூக்கி என்னைப் படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டார். அழித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து என் கன்னத்தைக் கிள்ளினார்.

“பாத்துட்டாங்க கண்ணு. என்னமோ டைப் பண்றாங்க” என்றார் சந்தோஷமாக.