எலுமிச்சை கட்டிய திரை

சுவரை இடிக்கத் தொடங்குமுன் கொத்தனார் மாசிலாமணி எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் திரையில் கட்டினார். மருத்துவமனைக்குள் தூசி போகாமல் காவல் காக்கும், ஆபத்தென்றால் வாய்விட்டுச் சொல்லும் திரை அது. அதில் ஆணி நிற்காது, பசை ஒட்டாது. ஆகவே கோணி ஊசியால் குத்தி நூலை இழுத்து முடிந்தார். அந்தப் பக்கம், நோயை எதிர்க்கும் சக்தி இன்னும் திரும்பாத, எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களின் வார்டில், அவர் மனைவி பவளம் இருந்தாள்.

"மதினிக்குத் திருஷ்டி கழிக்கிறீகளாக்கும்!" என்று சித்தாள் இருளாயி சிரித்தாள்.

"எவ கண்ணும் படக்கூடாதுல்ல. நீ சட்டியை எடு தாயி."

முதல் சம்மட்டி அடியில் பழைய சுண்ணாம்பு புகையாய் எழுந்தது. வெள்ளைத் திரை மெல்லச் சிவந்தது. பிறகு பதற்றமே இல்லாத குரலில் பேசியது: "திரையில் துளை. தூசியோடு பூஞ்சை உள்ளே நுழைகிறது. வார்டு பூட்டப்படுகிறது. நோயாளிகள் வெளியே வர முடியாது."

"அண்ணே, அந்த ஊசி..." என்றாள் இருளாயி.

மாசிலாமணி ஓடிப்போய்த் துளையை உள்ளங்கையால் பொத்தினார். கையெல்லாம் சுண்ணாம்புத் தூள். திரைக்கு அப்பால் மெலிந்த நிழலொன்று எழுந்து வந்தது.

"நீங்களா? இங்கதான் வேலையா?"

"பவளம், தள்ளிப் போ! கிட்ட வராத!"

திரை அவர் குரலை விழுங்கியது. சரியாகக் கேட்கவில்லை போலும், அவள் அந்தத் துளையருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.